ஏங்க

"குரல் குறைஞ்சிடுமா, இல்ல போயிடுமா?" என்று அப்பா கேட்டார்.

அச்சகத்தில் புரூஃப் திருத்தியே தலை நரைத்தவர் அவர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால் அவருக்குப் பொறுக்காது. டாக்டர் அதுவரை சொன்னதெல்லாம் சுற்றி வளைத்துத்தான் இருந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "போயிடும் சார்."

கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தும் அம்மாவின் தொண்டையில் கட்டி திரும்ப வந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கழுத்துக்குக் கீழே ஒரு துளை வைப்பார்கள், இனி மூச்சு அதன் வழியாகத்தான். சாப்பிடலாம், நடக்கலாம், வெளியே போகலாம். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லாமல் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

அம்மா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். துணி திருத்தித் தைக்கும் வேலை அவளுக்கு. கை சும்மா இருக்காது. கம்மிப்போன குரலில் கேட்டாள்: "மெஷின் மிதிக்கலாமா டாக்டர்?"

"மிதிக்கலாம்மா. நூல் தூசு கழுத்துத் துளைக்குள்ள போகாம துணி கட்டிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப சரி. எப்ப பண்றீங்க?"

அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார். அம்மா தலையாட்டினாள், யாரோ பேண்ட் நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டு என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டதற்குத் தலையாட்டுவதுபோல.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் தோளை இடித்தாள். "உங்கப்பாவுக்கு யோகம்டி. இனிமே தொணதொணப்பு இல்லாத வீடு."

நான் சிரிக்க முயன்றேன். அப்பா சிரிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். பின்னால் சக்கர நாற்காலி தள்ளி வந்தவர் "வழி விடுங்க சார்" என்றதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

"இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவே?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

*

அம்மா அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், கோபம் வந்தால் 'டா'வும் சேர்த்து. அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஏங்க.

தையல் மெஷின் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலோரம் இருக்கிறது. கால் மிதித்துக்கொண்டிருக்கும். கை துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும். வாயில் குண்டூசிகள். இந்த நிலையில் எழுந்து போய் எதையும் எடுக்க முடியாது. அதனால் கூப்பிடுவாள். குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து வரும் ஏங்க பாதிக் காற்றாக இருக்கும். அப்பா உள்ளே எந்தப் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பேனாவை அந்த வரியிலேயே படுக்க வைத்துவிட்டு எழுந்து வருவார். ஊசியில் நூல் கோத்துத் தர. பாபினில் நூல் சுற்ற. உருண்டு போன பட்டனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்க. முனகிக்கொண்டேதான் வருவார். "ஒரு பக்கம் முழுசாப் படிக்க விடறாளா பாரு." ஆனால் வருவார்.

அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அவர்கள் அச்சகத்தில் ஒரு வாரப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வராமல் போய் அரைப் பக்கம் காலியாகிவிட்டது. ஏதாவது எழுதிக் கொடுங்க சார் என்று ஆசிரியர் கெஞ்சியிருக்கிறார். அப்பா ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பெயர் போட வெட்கம். 'ஒரு கணவன்' என்று மட்டும் போட்டார்.

கோக்காத ஊசியோடு ஓர் ஏங்க.
பொங்கும் பாலோடு ஓர் ஏங்க.
பல்லி விழுந்தால்
பக்கத்து வீட்டையும் எழுப்பும் ஏங்க.

சண்டை போட்ட மறுநாள்
சுவரைப் பார்த்துச் சொல்லும்
அரை ஏங்க.

என்ன என்று எழுந்து போனால்
ஒண்ணுமில்ல, சும்மா என்று
சிரிக்கும் ஓர் ஏங்க.

எது எது என்று தெரியாததால்
எல்லாவற்றுக்கும்
எழுந்து போகிறேன்.

இந்தக் கவிதைக்கு இவ்வளவு பெயர் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கல்யாண மேடையில் படித்தார்கள். பத்திரிகையை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பின்னால் போன் வந்த காலத்தில், யார் எழுதியது என்றே தெரியாமல் என் கணவர் எனக்கே அதை அனுப்பினார், "உங்க அம்மா ஞாபகம் வந்துச்சு" என்று.

கவிதையில் காதல் என்ற சொல்லே கிடையாது. அன்பு, உயிர், நெஞ்சம் ஒன்றும் கிடையாது. ஒருத்தி கூப்பிடுகிறாள், ஒருவர் எழுந்து போகிறார். எழுந்து போவது மட்டும்தான் அதில் இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு அது பிடித்திருந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. "பல்லிக்குக் கத்தறவ நான்தான்னு ஊருக்கே டமாரம் அடிச்சிட்டீங்க" என்றுதான் சொல்வாள். ஒருமுறை ஒரு கூட்டத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அந்தக் கவிதையைப் பற்றி உருகி உருகிப் பேசினார். 'ஏங்க' என்பது வெறும் விளி இல்லை, ஏங்குதல் என்ற வினையும் அதில் ஒளிந்திருக்கிறது, அருகிலேயே இருப்பவனுக்காக ஏங்கும் ஏக்கம் அது என்றார். அம்மா பின் வரிசையில் என் காதைக் கடித்தாள். "நூல் கோத்துக் குடுங்கன்னு கூப்பிட்டேன்டி. இந்த மனுஷன் ஏக்கம்ங்கறாரு."

அப்பா அவள் பக்கம் சாய்ந்து, "அகராதியில இருக்கு. தப்பில்ல" என்றார்.

"உங்களுக்கு அகராதியில இருந்தாப் போதும்."

*

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரம் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி எங்களை வரச் சொன்னாள். என் வயதுதான் இருக்கும். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்ன அறை. அம்மாவின் குரலில் தேவையான சொற்களையெல்லாம் இப்போதே பதிந்து வைத்துக்கொண்டால், அப்புறம் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் அம்மாவின் குரலிலேயே அது பேசும் என்றாள். கம்மிப்போன குரல்தான், இருந்தாலும் அம்மாவின் குரல்.

அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

அம்மா வரிசையாகச் சொன்னாள். வேணும். வேணாம். வலிக்குது. தண்ணி. ஃபேனைப் போடு. நாளைக்கு வாங்க, தச்சு வச்சிடறேன். எல்லாம் நன்றாகவே வந்தது. "சூப்பர்ம்மா" என்றாள் அந்தப் பெண். "இப்ப உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது வாசிங்க. கொஞ்சம் நீளமா."

அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்தக் கவிதை.

"அடப் பாவி மனுஷா, கொண்டே வந்துட்டீங்களா?"

"படி."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல இருந்தது. ஊசிக்கும் பாலுக்கும் பல்லிக்கும் ஒரே ஏங்க. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், பிழை கண்டால் ஆட்டுவதுபோல.

"பல்லிக்கு இப்படியா கூப்பிடுவே?"

"இங்க பல்லி எங்க இருக்கு? பிடிச்சிட்டு வந்து விடுங்க, கத்தறேன்."

பயிற்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா எழுந்தார். "நான் வெளிய போய் நிக்கறேன். உள்ள இருந்து கூப்பிடு. அப்பத்தான் சரியா வரும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அம்மா மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஏங்க" என்றாள்.

கதவு திறந்தது. "இல்ல. இது இல்ல."

மறுபடி போனார். மறுபடி கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. மறுபடி வந்தார்.

"நீ மைக்கைக் கூப்பிடறே. என்னைக் கூப்பிடல."

"என்னங்க பண்ணச் சொல்றீங்க என்னை?" அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு இப்ப உங்ககிட்ட ஒண்ணும் வேணாம். ஊசி கோக்க வேணாம், பட்டன் எடுக்க வேணாம். ஒண்ணும் வேணாம்னா எப்படிக் கூப்பிடறது?"

பயிற்சிப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். பதிவுக் கருவியை மெல்ல அணைத்தாள். அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மடித்த இடத்திலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடித்தார்.

*

அன்றிலிருந்து அப்பாவின் சட்டைப்பையில் போன் இருந்தது. காலையில் எழுந்ததும், அம்மா தன்னையறியாமல் கூப்பிட்டால் பதிவாகட்டும் என்று, அதில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பட்டனை அழுத்தக்கூடத் தெரியாது அவருக்கு. என்னிடம்தான் கற்றுக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தைக்கக் கொடுக்கிற துணியைப் பார்த்தே கொடுத்தவருக்கு வயிறு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று சொல்கிறவள் அம்மா. பை தொங்குவதை முதல் நாளே பார்த்துவிட்டாள்.

அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நூல் முனையை நாக்கில் ஈரமாக்கித் தானே கோத்தாள். பலமுறை தவறிய பிறகு கோத்தாள். பாபினைத் தானே சுற்றினாள். கத்தரிக்கோல் கீழே விழுந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய் எடுத்தாள். அப்பா உள்ளறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். பக்கம் திரும்பவே திரும்பாது. மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவர் கால் செருப்பைத் தேடும். பிறகு மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்.

வீடு இப்போதே அப்படி ஆகிவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மதியம் அம்மா திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டுடேன்மா. பாவம்மா அவரு."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"கூப்பிட்டா அதுல பதிவாகும். பதிவானா உங்கப்பா அதைப் போட்டுப் போட்டுக் கேப்பாரு. நான் இந்த ரூம்ல கழுத்துல ஓட்டையோட உக்காந்திருப்பேன். அவரு அந்த ரூம்ல என் குரலோட குடித்தனம் பண்ணுவாரு."

"என்னம்மா பேசறே? உன் மேல உனக்கே பொறாமையா?"

"ஆமாடி. பொறாமைதான். அவளுக்கென்ன? நல்லா இருப்பா. எப்ப வேணா கூப்பிடுவா. இருமல் வராது, சளி வராது, கிழவியும் ஆக மாட்டா. அவ கூப்பிட்டதும் இவரு போயிடுவாரு. அப்புறம் நான் எதுக்கு?" திரைச்சீலையைத் திருப்பிப் போட்டாள். "கூப்பிடாமயே வரட்டும். நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சு வரட்டும். அதுக்குத்தான் இப்பவே பழக்கறேன்."

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அணைச்சிடு. எல்லாத்தையும் அழிச்சிடு."

அழித்தேன். அதில் இருந்ததெல்லாம் மெஷின் ஓடும் சத்தமும், அப்பா தொண்டையைச் செருமுவதும்தான்.

அம்மா திரைச்சீலையை மறுபடி மடியில் இழுத்துப்போட்டாள். ஊசியில் நூல் தீர்ந்திருந்தது. கூப்பிடாமலேயே அப்பா அவள் கையிலிருந்து ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். அவர் திரும்ப உள்ளே போன பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது கூப்பிடலாம்ல?" என்றேன். "போன்தான் இல்லையே."

"இப்பக் கூப்பிட்டா கடைசியாக் கூப்பிடற மாதிரி இருக்கும்டி. வேணாம். பயமா இருக்கு."

*

வியாழக்கிழமை காலை அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தலைக்குப் பச்சைத் துணித் தொப்பி மாட்டிவிட்டிருந்தார்கள். "இதைத் தச்சவனைக் கூப்பிடு, நாலு கேள்வி கேக்கணும்" என்று தொப்பியின் தையலை இழுத்துக் காட்டினாள். அவள் கண் மட்டும் நிலைகொள்ளாமல் அலைந்தது.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். சம்மதப் படிவம். பொடி எழுத்தில் அச்சடித்த தமிழ். அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதன் கீழே கணவர் கையெழுத்து.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். அப்பா படிப்பார். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழ் வரை படித்து, அதில் ஒற்று மிகுந்திருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னவர். இப்போதும் சுவரோரம் தாளைப் பிடித்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதப் பாரு" என்றார் என்னிடம். "குரல்வலைன்னு போட்டிருக்கான். வலை. மீன் பிடிக்கறவன் போட்டிருக்கான் போல. ளை போடணும்." அவர் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. 'லை'யைச் சுழித்து ஓரத்தில் 'ளை' என்று எழுதினார். அடுத்த வரியில் மறுபடியும் அதே பிழை. அங்கேயும் சுழித்தார்.

"ஏங்க" என்றாள் அம்மா.

"இரு" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை. "இன்னொண்ணு இருக்கு."

மூன்றாவது இடத்தையும் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அவர் நிமிர்ந்தபோது தள்ளுவண்டி ஊசலாடும் கதவுகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கை மட்டும் மேலே எழுந்து எங்களுக்குத் தெரிந்தது. கதவு மூடி, திறந்து, மூடி நின்றது.

நாங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் வைக்கும்போதுதான் அப்பா கேட்டார்.

"கடைசியா என்னமோ சொன்னாளே. என்ன சொன்னா?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கன்னு கூப்பிட்டாப்பா."

"எப்படி? எந்த மாதிரி?"

"சாதாரணமா. வீட்ல கூப்பிடற மாதிரியே."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். அந்த அறையில், மைக்குக்கு முன்னால், மறுபடி மறுபடி கேட்டு வராதது. நாள் முழுக்கப் பையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தும் வராதது.

"நான் போகலையே" என்றார்.

"அப்பா."

"நான் என்ன சொன்னேன்?"

"இருன்னு சொன்னீங்க."

"என்ன கேக்கறதுக்குக் கூப்பிட்டா?"

"தெரியலப்பா."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு அழத் தெரியவில்லை. தும்மல் வரப்போய் வராமல் நின்றவர்போல அவர் உடம்பு குலுங்கிக் குலுங்கி நின்றது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல், அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

*

மறுநாள் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அப்பா முதலில் போனார். கண்ணாடிக்கு இப்பக்கம் நின்று நான் பார்த்தேன். அம்மாவின் கழுத்தில் குழாயும் கட்டும். மூக்கு வழியே ஒரு குழாய். எழுதிக் காட்ட ஒரு சின்ன சிலேட்டைக் கொடுத்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா குனிந்து எதையோ சொன்னார். மன்னிப்புத்தான் கேட்டிருப்பார், வேறென்ன இருக்கப்போகிறது. அம்மா சிலேட்டை வாங்கி, படுத்தபடியே, கோணல் மாணலாக எழுதித் திருப்பிக் காட்டினாள். கண்ணாடி வழியே எனக்கும் தெரிந்தது.

இருன்னீங்க. இருக்கேன்.

அப்பா அதைப் படித்துக்கொண்டே நின்றார். இரண்டே சொல்தான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆனது அவருக்கு. அந்தச் சிலேட்டை அப்படியே வைத்துக்கொள்ள அவர் கை நீண்டது. ஆனால் அம்மாவுக்குத் தலையணை சரியாக இல்லை. அதைச் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு, 'தலகாணி' என்று எழுதினாள்.

*

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா உட்கார்ந்த இடத்தில் இருக்கவே இல்லை. கூப்பிடாமல் வருவதற்குத்தான் அம்மா பழக்கினாள். அவர் அளவு தெரியாமல் பழகிவிட்டார். முன்னறையிலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு, மறுபடி படுக்கையறைக்கு. "தண்ணி வேணுமா? ஜன்னலைச் சாத்தவா? வலிக்குதா?" அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போவாள். ஒருநாள் சிலேட்டில், 'உக்காருங்க. தலை சுத்துது' என்று எழுதினாள். சிரித்தாள். அம்மாவின் சிரிப்பில் இப்போது சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் லேசாகப் படபடக்கும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

மருத்துவமனையில் பதிந்து வந்த சொற்களை நான் ஒரு போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை. மெஷினை மூடிய துணிக்கு அடியில் அது கிடந்தது.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். காலையில் பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா முன்னறையில் ஒரு வழியாகச் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அம்மா படுக்கையறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சட்டைக்குக் கையாலேயே பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது.

"ஏங்க!"

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "வரேன், வரேன்" என்றார். பழைய முனகல் குரல் அது. செருப்பை ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மேல்வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள்.

நான் ஓடிப் போவதற்குள் அப்பா படுக்கையறை வாசலில் நின்று கேட்டுவிட்டிருந்தார்.

"கூப்பிட்டியா?"

கேட்டு முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. ஜன்னல் அவள் தலைக்கு நேர் மேலேதான். ஊசி கையில் நின்றது. அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதை என்னால் எழுத முடியவில்லை.

அவள் தலையாட்டினாள். ஆமாம், கூப்பிட்டேன் என்று.

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் இருந்தது. பக்கத்து முக்காலியில் தம்ளர் நிறையத் தண்ணீர். அவள் அந்தத் தம்ளரை எடுத்தாள். விழுங்குவது அவளுக்கு இன்னும் கஷ்டம். ஒவ்வொரு வாயாக, நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழுவதையும் குடித்தாள். பிறகு காலித் தம்ளரை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், வாங்கி நான் பிடித்துத் தருகிறேன் என்று. கொடுக்கவில்லை. குழாயைத் திறந்தார்.

மேலே மறுபடியும் குரல் கேட்டது. "ஏங்க... உங்களைத்தாங்க!" இளம் பெண்ணின் குரல். எந்தப் பதிலும் இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.

தம்ளர் நிறைந்து தண்ணீர் அப்பாவின் விரல்கள் மேல் வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. தலையைத் தூக்கி மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடறாங்கல்ல" என்றார். உதடு கோணிக்கொண்டது. "எழுந்து போயேன்யா."

மேலே கேட்கிற அளவுக்கு அவருக்குக் குரல் வரவில்லை.